ஆங்கிலப் பாடக்குறிப்பின் வரலாறு: இந்திய உயர்நிலைப் பள்ளிகளை முன்வைத்து

முன்னுரை

பள்ளிக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் ஆணைக்குழு அறிக்கைகளையும் அரசாணைகளையும் பாடநூல்களையும் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழையுமுன் தம் கைப்பட எழுதும் பாடக்குறிப்பு அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆண்டு முடிந்ததும் பழைய தாளோடு சேர்ந்துவிடும் ஏடு அது. எனினும், கல்விக் கொள்கை என்னும் பெரிய சொல் ஒரு பாடவேளையின் செயலாக மாறும் இடம் அந்த ஏடேயாகும். எதைக் கற்பிப்பது, எவ்வரிசையில் கற்பிப்பது, அவ்வேளையில் மாணவர் என்ன செய்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கேதான் விடை எழுதப்படுகிறது.

இந்திய உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தைத் திட்டமிடும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி எவ்வாறு மாறிவந்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தென்னிந்தியாவில், குறிப்பாகச் சென்னையில், நடைபெற்ற இரு முயற்சிகள் உலக அளவில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய சிந்தனையில் இடம்பெற்றவை ஆதலின் அவற்றுக்குச் சற்று விரிவான இடம் தரப்படுகிறது. பாடக்குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்னும் வினாவே கட்டுரை முழுவதையும் இணைக்கும் இழையாகும்.

1. பாடநூலே திட்டமாக இருந்த காலம்

1835 பிப்ரவரியில் மெக்காலே அளித்த குறிப்பும், அதனையொட்டி அவ்வாண்டு மார்ச்சில் பெண்டிங்க் பிறப்பித்த தீர்மானமும் ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவை உறுதிசெய்தன. 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கை பல்கலைக்கழகங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் வழிவகுத்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை நடத்திய நுழைவுத் தேர்வே அதன்பின் உயர்நிலைப் பள்ளியின் இலக்காயிற்று.

இக்காலப் பள்ளியில் ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமன்று. மேல்வகுப்புகளில் பிற பாடங்களைக் கற்பிக்கும் மொழியும் அதுவே. வரலாறும் கணிதமும் ஆங்கிலத்தில் படித்த மாணவர் நாள்தோறும் பல மணிநேரம் அம்மொழியோடு பழகினர். ஆகவே, ஆங்கில வகுப்பைத் தனியே திட்டமிட வேண்டும் என்னும் தேவை வலுவாக உணரப்படவில்லை. பாடநூலின் ஒரு பகுதியை வாசித்தல், அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுதல், வாக்கியங்களைத் தாய்மொழியில் பெயர்த்தல், இலக்கணக் கூறுகளைப் பகுத்துக் காட்டுதல், அடுத்த நாள் ஒப்பித்தல் என்பதே வகுப்பின் நடைமுறை. இம்முறையில் பாடநூலின் பக்க வரிசையே பாடத்தின் வரிசையாக அமைந்தது. ஆசிரியர் திட்டமிட வேண்டியது எத்தனை பக்கம் என்பது மட்டுமே.

நம் மரபில் உரையாசிரியர் நூலை விளக்கும் முறைக்கும் இதற்கும் புறத்தோற்றத்தில் ஓர் ஒப்புமை உண்டு. பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்னும் அமைப்புக்குப் பழகிய ஆசிரியருக்கு ஆங்கில நூலையும் அவ்வாறே நடத்துவது இயல்பாக இருந்திருக்கும். ஆயின் உரைமரபு, மொழியை முன்பே அறிந்த மாணவருக்கு நூலை விளக்குவது. ஆங்கில வகுப்பிலோ மொழியையே அறியாதவருக்கு நூல் விளக்கப்பட்டது. இவ்வேறுபாடு நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை.

கர்சன் காலத்தில் வெளியான 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இச்சிக்கலின் ஒரு பக்கத்தைத் தொட்டது. தாய்மொழியில் நல்ல அடித்தளம் அமையுமுன் ஆங்கிலத்தைத் தொடங்குவது தகாது என்றும், ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொள்வதற்குப் பொதுவாகப் 13 வயதேனும் நிரம்பியிருத்தல் வேண்டும் என்றும் அது கூறிற்று. எப்போது தொடங்குவது என்பதற்கு விடை கிடைத்தது. ஒரு பாடவேளையில் என்ன செய்வது என்பதற்கு விடை பயிற்சிக் கல்லூரிகளிலிருந்து வர வேண்டியிருந்தது.

2. ஐந்து படிகள்

சென்னையில் 1856இல் தொடங்கப்பெற்ற ஆசிரியர் பயிற்சிப் பள்ளி பின்னர்ச் சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்தது. இத்தகைய நிறுவனங்களின் வழியாகவே, எழுதப்பட்ட பாடக்குறிப்பு என்னும் வழக்கம் இந்தியாவில் நிலைபெற்றது. அதன் வடிவம் ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட்டின் (1776-1841) கொள்கையிலிருந்து பிறந்தது. ஹெர்பார்ட் கற்றலின் நான்கு நிலைகளைப் பேசினார். அவருடைய வழிவந்த சில்லர், ரைன் முதலியோர் அவற்றை ஆயத்தம், எடுத்துரைத்தல், தொடர்புபடுத்தல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல் என ஐந்து படிகளாக விரித்தனர். இப்படிகள் இங்கிலாந்தின் பயிற்சிக் கல்லூரிகள் வழியாக இந்தியாவை அடைந்தன.

மாணவர் முன்பே அறிந்ததிலிருந்து தொடங்கிப் புதியதற்குச் செல்ல வேண்டும் என்பது இவ்வமைப்பின் உயிர்நிலை. இன்றும் பாடக்குறிப்பேட்டின் தலைப்பில் 'முன்னறிவு' என்றொரு வரி இடம்பெறுவது இதன் எச்சமே. வகுப்பு என்பது ஆசிரியர் பேசி முடிப்பது அன்று, மாணவரின் மனத்தில் ஒன்று நிகழ்வது என்னும் எண்ணம் இவ்வரியின் மூலமாகத்தான் முதன்முதலில் எழுத்துவடிவம் பெற்றது எனலாம்.

எனினும் மொழிப் பாடத்துக்கு இவ்வைந்து படிகள் முற்றும் பொருந்தவில்லை. எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்குச் செல்லும் இலக்கணப் பாடத்துக்கு அவை ஏற்றவை. ஒரு மொழியைப் பேசவும் படிக்கவும் பழகுவது விதியைக் கண்டறிவதோடு முடிவதன்று. மேலும், பயிற்சி மாணவரின் குறிப்பேட்டைப் பேராசிரியர் பார்வையிட்டு மதிப்பெண் இடுவார்; பள்ளியில் தலைமையாசிரியர் கையொப்பமிடுவார்; ஆய்வாளர் வரும்போது அது கேட்கப்படும். ஆகவே ஐந்து படிகளும் நிரம்பியிருப்பதே நல்ல குறிப்பின் அடையாளமாயிற்று. வகுப்புக்காகத் தோன்றிய ஏடு பார்வையிடுவோருக்கான ஏடாக மாறியதன் தொடக்கம் இதுவே.

3. வெஸ்ட்டும் ஒப்படைப்பு மதிப்பும்

மாணவர் பக்கத்திலிருந்து இவ்வினாவை எழுப்பியவருள் மைக்கேல் வெஸ்ட் (1888-1973) குறிப்பிடத்தக்கவர். இந்தியக் கல்விப் பணியைச் சேர்ந்த அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்காளத்தை முன்வைத்து இருமொழியம் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1926இல் வெளிவந்தது.

காப்பீட்டு முறியைக் காலம் முடியுமுன் திருப்பிக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தொகை ஒப்படைப்பு மதிப்பு எனப்படும். வெஸ்ட் இக்கருத்தைக் கல்விக்குப் பொருத்தினார். ஆங்கிலம் தொடங்கும் மாணவருள் பலர் இறுதித் தேர்வுவரை செல்வதில்லை. இடையில் நிற்கும் மாணவன் அதுவரை செலவிட்ட காலத்துக்கு ஈடாக எதை எடுத்துச் செல்கிறான்? முழுப் படிப்பையும் முடித்தால் மட்டுமே பயன் தரும் பாடத்திட்டம், இடையில் நிற்பவனை வெறுங்கையோடு அனுப்புகிறது. ஒவ்வோர் ஆண்டும், இயன்றால் ஒவ்வொரு பாடமும், தன்னளவில் ஏதேனும் ஒரு பயனைத் தந்து முடிதல் வேண்டும். இதுவே அவருடைய வாதத்தின் சாரம்.

வங்காளச் சிறுவனுக்கு விரைவில் கைகூடக்கூடியதும் நீடித்த பயன் தருவதும் படிக்கும் திறனே என்று வெஸ்ட் முடிவு செய்தார். வழக்கிலிருந்த வாசகங்களில் புதுச்சொற்கள் அடர்ந்து கிடப்பதே படிப்பைத் தடுக்கிறது என்பதை அவர் கண்டார். ஏறத்தாழ ஐம்பது சொற்களுக்கு ஒரு புதுச்சொல் என்னும் அளவில், வந்த சொல் மீண்டும் மீண்டும் வருமாறு, தம் வாசகங்களை அமைத்தார். பின்னர் 1953இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்டது.

பேச்சைப் பின்னுக்குத் தள்ளினார் என்னும் குறை வெஸ்ட்டின் மீது சொல்லப்படுவதுண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அவர் கேட்ட வினா அவர் தந்த விடையைவிடப் பெரியது. இன்ன படிகள் நிரம்பினவா என்று பாடக்குறிப்பைச் சோதிப்பதற்கு மாறாக, இன்றோடு நின்றுவிடும் பிள்ளைக்கு இப்பாடம் எதைத் தந்தது என்று சோதிக்கும் அளவுகோலை அவர் தந்தார். பின்வந்த முறைகளையும் அவ்வளவுகோல் கொண்டே இக்கட்டுரை நோக்குகிறது.

4. அமைப்பு முறையும் சென்னைப் பனிப்பந்தும்

விடுதலைக்கு முன்னும் பின்னுமாக உயர்நிலைப் பள்ளிகள் படிப்படியாகத் தாய்மொழிவழிக் கல்விக்கு மாறின. வரலாறும் அறிவியலும் கணிதமும் தமிழிலும் பிற தாய்மொழிகளிலும் கற்பிக்கப்பட்டன. கல்வி பரவுவதற்கு இம்மாற்றம் பெரிதும் துணைசெய்தது. அதேவேளையில் ஆங்கிலத்தோடு மாணவருக்கிருந்த பழக்கம் நாளொன்றுக்கு ஒரு பாடவேளை என்னும் அளவுக்குக் குறுகியது. முன்பு பிற பாடங்கள் செய்துவந்த வேலையையும் இனி அந்த ஒரு பாடவேளையே செய்ய வேண்டியதாயிற்று. ஆங்கிலப் பாடத்தைத் திட்டமிடுதல் என்பது தனிக்கலையாக வளர்ந்ததற்குக் காரணம் இதுவே.

அக்காலத் தேவைக்கு விடையாக வந்தது அமைப்பு முறை. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்தி, ஒரு பாடத்துக்கு ஒன்றாகக் கற்பித்தல் அதன் நெறி. 'திஸ் இஸ் எ புக்' என்னும் வாக்கியத்தை ஆசிரியர் நூலைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்வார். வகுப்பு கூடிச் சொல்லும். பின் வரிசை வரிசையாகவும் தனித்தனியாகவும் சொல்லும். கரும்பலகையில் பதிலீட்டு அட்டவணை எழுதப்படும். இறுதியில் மாணவர் தாமே வாக்கியம் அமைப்பர். பாடநூலின் பக்கம் இருந்த இடத்தில் இப்போது வாக்கிய அமைப்பு வந்தமர்ந்தது. பாடக்குறிப்பு முதன்முறையாக ஆங்கில மொழிக்கென்றே உரிய வடிவம் பெற்றது.

இம்முறையைப் பரப்ப நிறுவனங்களும் எழுந்தன. அலகாபாத்தில் 1956இல் ஆங்கில மொழி கற்பித்தல் நிறுவனமும், ஐதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமும், பெங்களூரில் 1963இல் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனமும் தோன்றின. சென்னை மாநிலத்தில் தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பேரியக்கம் மேற்கொள்ளப்பட்டது. முதலில் பயிற்சி பெற்ற சிறு குழுவினர் பலருக்குப் பயிற்றுவிக்க, அவர்கள் மேலும் பலருக்குப் பயிற்றுவித்தனர். உருளும் பனிப்பந்து பருப்பது போன்ற இவ்வமைப்பு 'சென்னைப் பனிப்பந்து' என்னும் பெயரால் 1962இல் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய பன்னாட்டு இதழொன்றில் டி. ஏ. ஸ்மித் என்பவரால் விவரிக்கப்பட்டது. பனி காணாத ஊருக்கு அப்பெயர் வாய்த்தது விந்தையே. ஆயினும் அளவால் அம்முயற்சி அரியது.

பனிப்பந்துக்கு ஓர் இயல்பு உண்டு. உருளுந்தோறும் பருக்கும், ஆனால் வழியில் கிடப்பதும் அதில் ஒட்டிக்கொள்ளும். கைமாறிக் கைமாறிச் செல்லும் பயிற்சியில் முறையின் காரணம் தேய்ந்து, முறையின் சடங்கு எஞ்சுதல் எளிது. சூழலோடு பொருத்திக் கற்பிக்க வேண்டிய வாக்கியம் வெறும் கூட்டொலியாக மாறுவதற்கு இடம் ஏற்பட்டது. 1970களில் இம்முறையின் மீது நிறைவின்மை பரவலாக வெளிப்பட்டது. பல ஆண்டுகள் அமைப்புகளைப் பயின்ற மாணவர் வகுப்பில் பிழையின்றிச் சொல்லும் வாக்கியத்தை வெளியே தேவைப்பட்டபோது கையாள இயலாதிருந்தனர். எல்லா அமைப்புகளும் சேர்ந்த பின்னரே மொழி பயன்படும் என்னும் எண்ணத்தில் அமைந்த திட்டத்தின் ஒப்படைப்பு மதிப்பு குறைவாக இருந்ததில் வியப்பில்லை.

5. நோக்கங்களும் கட்டங்களும்

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணைக்குழு (1952-53) தேர்வு கல்வியை ஆட்டுவிப்பதை எடுத்துக்காட்டியது. கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை 1956இல் வெளியிட்ட பெஞ்சமின் புளூம், 1957-58இல் இந்தியா வந்து தேர்வுச் சீர்திருத்தப் பணிக்கு உதவினார். 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு நிறுவப்பெற்றது. நோக்கத்தை முதலில் வரையறுத்து, அதற்கேற்பக் கற்பித்து, அதனையே சோதித்தல் என்னும் கொள்கை பயிற்சிக் கல்லூரிகளில் பரவியது.

இதன் விளைவாகப் பாடக்குறிப்பு கட்டங்கள் கொண்ட அட்டவணையாயிற்று. பொருள், நோக்கம், கற்றல் அனுபவம், மதிப்பீடு எனத் தாள் நெடுக்காகப் பிரிக்கப்பட்டது. 'மாணவர் புரிந்துகொள்வர்' என்று பொதுப்பட எழுதாமல், 'மாணவர் வேறுபடுத்துவர்', 'மாணவர் எடுத்துக்காட்டுத் தருவர்' எனச் செயலாக எழுத வேண்டும் என்பது நல்ல ஒழுங்கே. சிந்தித்து எழுதும் ஆசிரியருக்கு அது கூர்மை தந்தது.

ஆயின் மொழிக் கற்றல் கட்டத்துக்குக் கட்டம் கொள்ளை அளப்பதுபோல் அளக்கத் தக்கதன்று. ஒரு வினையின் இறந்தகால வடிவத்தை இன்று காலை 45 நிமிடத்தில் கற்பித்து, அப்போதே சோதித்து, முடிந்தது என்று குறிப்பது தாளில் இயலும். மாணவரின் நாவில் அவ்வடிவம் நிலைபெற மாதங்கள் ஆகலாம். ஆகவே கட்டங்கள் பெருகப் பெருக, ஒரு முறை எழுதிய குறிப்பை ஆண்டுதோறும் படியெடுத்தல் மிகுந்தது. வகுப்பில் நடப்பது பழைய மொழிபெயர்ப்பும் வினாவிடை ஒப்பித்தலும். ஏட்டில் இருப்பது புளூமின் நோக்கங்கள். இவ்விரட்டை வாழ்வுக்கு ஆசிரியரை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. இறுதித் தேர்வு எதைக் கேட்டதோ அதற்கே வகுப்பு பணிந்தது.

6. பெங்களூர்த் திட்டம்

இந்நிலையில் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் நடைபெற்ற ஒரு சோதனை உலகக் கவனத்தை ஈர்த்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, பெங்களூர் வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு நடத்திய இம்முயற்சி பெங்களூர்த் திட்டம் என அறியப்படுகிறது. பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளே அதன் களம். பிரபு இதனை விளக்கி எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது.

பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதே மொழியின் இலக்கணம் உள்ளத்தில் படிகிறது என்பது பிரபுவின் அடிப்படைக் கருத்து. எனவே பாடத்திட்டத்தில் அமைப்புகளின் பட்டியலும் சொற்பட்டியலும் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் செயற்பணிகள் வைக்கப்பட்டன. ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் தீர்மானித்தல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்றவை அவை. தகவல் இடைவெளி, காரண ஆய்வு இடைவெளி, கருத்து இடைவெளி என அவர் பணிகளை மூவகைப்படுத்தினார். கொடுத்த செய்தியிலிருந்து கொடாத செய்தியைக் காரணம் கொண்டு தேறும் இரண்டாம் வகையையே சிறப்பாகக் கொண்டார்.

பாட அமைப்பு எளியது. முதலில் ஒரு பணியை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் வினாவிடையாகச் செய்வார். பின் அதனையொத்த மற்றொரு பணியை ஒவ்வொரு மாணவரும் தனியே செய்வர். விடைகள் அன்றே திருத்தப்படும். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் பணியில் ஏறத்தாழப் பாதியைச் சரியாகச் செய்தால் அப்பணி தகுந்த கடினமுடையது. அடுத்த நாள் பணியைச் சற்றே கடினமாக்கலாம். இல்லையெனில் எளிதாக்க வேண்டும். நாளைய பாடக்குறிப்பை இன்றைய வகுப்பே எழுதுகிறது என்பது இதன் பொருள். ஆண்டுத் தொடக்கத்தில் எழுதி முடித்துக் கையொப்பம் பெறும் ஏட்டுக்கு இங்கே இடமில்லை.

ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோர் இத்திட்டத்தை மதிப்பிட்டு 1985இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அமைப்பு முறை வகுப்பினர் தம் முறைசார்ந்த தேர்விலும், திட்ட வகுப்பினர் பணிசார்ந்த தேர்விலும் சிறந்திருந்தனர். இருமுறைக்கும் பொதுவாக அமைந்த தேர்வுகளில் திட்ட வகுப்பினரின் நிலை பொதுவில் மேலோங்கியிருந்தது. ஆயினும் வழக்கமான பள்ளி ஆசிரியர் இம்முறையைத் தமதாக்கிக்கொள்வது எளிதாக இல்லை என்பதைப் பெரெட்டாவின் பிந்திய ஆய்வு காட்டியது. இலக்கணப் பட்டியலைக் கைவிட்டு, மாணவரின் விடையை நம்பி அடுத்த அடி வைப்பதற்கு ஆங்கிலத்தில் தன்னம்பிக்கையும் மேலிடத்தின் இசைவும் தேவைப்பட்டன. 1990இல் எழுதிய கட்டுரையொன்றில் பிரபுவே, எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என ஒன்று இல்லை என்றும், தாம் செய்வது ஏன் பயன்தரும் என்பது பற்றி ஆசிரியருக்குள் உயிரோட்டமான ஒரு நம்பிக்கை இருப்பதே முதன்மை என்றும் வாதிட்டார்.

7. அண்மைக் காலம்

1980களின் இறுதியில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடங்கிய ஆங்கிலத் திட்டத்தில் வகுப்பாசிரியர்களே பாடநூல் ஆக்கத்தில் பங்கேற்றனர். புதிய பாடம் 1993இல் ஒன்பதாம் வகுப்பில் நடைமுறைக்கு வந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, மாணவர் கொண்டுவரும் பல மொழிகளை வகுப்பின் வளமாகக் கருதுமாறு கூறியது. ஆங்கில வகுப்பில் தாய்மொழி தலைகாட்டலாகாது என்னும் பழைய அச்சத்துக்கு இது மாற்றாகும். தமிழ்நாட்டில் 2010-11இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கிய சமச்சீர்க் கல்வி வெவ்வேறு வாரியங்களின் பாடநூல்களை ஒன்றாக்கியது.

2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு தொடக்கக் கல்விக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் திறனடிப்படையிலான கற்றலை வலியுறுத்துகிறது. இன்றைய பாடக்குறிப்பில் 'கற்றல் விளைவு' என்னும் கட்டம் நிலைபெற்றுவிட்டது. பெயர் புதிது, கட்டம் பழையது. புளூமின் காலத்தில் நேர்ந்த பிழை மீண்டும் நேராதிருக்க, விளைவு ஏட்டில் எழுதப்பட்டதா என்பதைவிட மாணவரிடம் காணப்பட்டதா என்று நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, பாடக்குறிப்பின் மையம் பாடநூல் பக்கம், ஐந்து படி, வாக்கிய அமைப்பு, நோக்கம், செயற்பணி என மாறிவந்துள்ளது. பயிற்றுமொழி மாற்றம், தேர்வு, பயிற்சி ஆகிய புறக்காரணங்கள் அம்மாற்றத்தைச் செலுத்தின. இரண்டாவதாக, ஒவ்வொரு முறையும் மாணவரின் தேவையிலிருந்து தொடங்கி, பார்வையிடுவோரின் தேவையில் சென்று உறைந்தது. மூன்றாவதாக, உறைந்த வடிவத்தைக் கலைத்த ஒவ்வொரு முயற்சியும் மாணவரின் விடையை, அவர்தம் தடுமாற்றத்தை, உற்றுநோக்கியவரிடமிருந்தே வந்தது.

ஆங்கிலத்தை வீட்டில் கேளாத, வகுப்பறையில் மட்டுமே சந்திக்கின்ற பிள்ளைகள் நம் பள்ளிகளில் இன்றும் மிகுதி. நகரத்துப் பிள்ளைக்கு வகுப்பு தவறினாலும் வேறு வாயில்கள் உண்டு. இப்பிள்ளைகளுக்கு அந்த ஒரு பாடவேளையே வாயில். ஆதலின் ஆங்கிலப் பாடத்தைத் திட்டமிடுதல் வெறும் கற்பித்தல் நுட்பம் அன்று. கல்வியில் சமநீதியைச் சார்ந்த செயலாகும். நாளைய பாடக்குறிப்பை எழுத அமரும் ஆசிரியர் எக்கட்டத்தை நிரப்புவதற்கு முன்னும் வெஸ்ட் டாக்காவில் கேட்ட வினாவை ஒரு முறை தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்: நாளை மறுநாள் பள்ளிக்கு வாராது நின்றுவிடும் பிள்ளை இப்பாடத்திலிருந்து எதை எடுத்துச் செல்லும்? அதற்கு விடை எழுதப்பெற்ற ஏடு, கையொப்பம் பெறாவிடினும், தன் பணியைச் செய்த ஏடாகும்.